டன் ரேட்டைப் பேசும் முன் தடிமனைக் கேளுங்கள்

தம்பி, பன்னிரண்டு வருடம் ஃபிட்டராக இருந்த உங்களைக் கம்பெனி சூப்பர்வைசராக்குகிறேன் என்கிறது. அதே வாரத்தில் தெரிந்தவர் ஒருவர், 40 டன் டக்ட் (காற்றோ புகையோ போகும் பெரிய இரும்புத் தகட்டுக் குழல்) வேலை இருக்கிறது, டன் ரேட்டில் லேபர் காண்டிராக்டாக எடுத்துச் செய் என்கிறார். எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசர் வேலையை எடுங்கள், குறைந்தது இரண்டு வருடத்துக்கு. டக்ட் வேலையை, இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிற வடிவில், எடுக்காதீர்கள். ஏன் என்பதை விளக்கத்தான் மீதியை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒன்பது வருடம் ஃபிட்டர், ஏழு வருடம் சூப்பர்வைசர், அதன் பிறகு காண்டிராக்டர். நடுவில் ஒரு முறை மனைவியின் நகையை வைத்துக் கூலி கொடுத்தவன். அந்தக் கதையும் டக்டில் வந்ததுதான், பின்னால் சொல்கிறேன்.

திருவெறும்பூரில் 1965-இல் பெல் (பி.எச்.இ.எல்.) கொதிகலன் ஆலை வந்த பிறகுதான் எங்கள் பக்கம் ஃபேப்ரிகேஷன் என்ற தொழிலே பெரிதானது. பிளேட்டை அவர்கள் கொடுப்பார்கள். பட்டறைக்காரன் வெட்டி, வளைத்து, பொருத்தி, வெல்டு செய்து திருப்பிக் கொடுப்பான். கூலி டன்னுக்கு இவ்வளவு என்று கணக்கு. இந்த டன் கணக்கில்தான் எங்கள் ஊரில் பாதிப்பேர் வீடு கட்டினார்கள், மீதிப்பேர் வீட்டை விற்றார்கள். இரண்டு தரப்புக்கும் கை ஒன்றுதான், மிஷின் ஒன்றுதான். டன்னுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவன் பிழைத்தான்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். இரும்பு பிளேட் ஒரு சதுர மீட்டர், ஒரு மி.மீ. தடிமன் என்றால் 7.85 கிலோ. 20 மி.மீ. பிளேட் சதுர மீட்டருக்கு 157 கிலோ. ஆக ஒரு டன் என்பது ஆறரைச் சதுர மீட்டர்கூட இல்லை. 5 மி.மீ. பிளேட் 39 கிலோ சொச்சம். ஒரு டன் என்பது இருபத்தைந்தரைச் சதுர மீட்டர். அதே ஒரு டன்தான், ஆனால் வெட்ட வேண்டிய விளிம்பு, பொருத்த வேண்டிய மூட்டு, சாணை பிடிக்க வேண்டிய நீளம், இரண்டு பக்கமும் பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்பு எல்லாம் ஏறத்தாழ நாலு மடங்கு. இதற்கு மேல் டக்டில் வெளிப்புறம், தகடு விறைப்பாக நிற்க, ஆங்கிள் ஸ்டிஃப்னர் வரும். மெல்லிய பிளேட் என்பதால் வெல்டு பட்ட இடமெல்லாம் அப்பளம்போல் நெளியும்; நெளிவெடுக்க ஒரு கேஸ் கட்டரும் சம்மட்டியும் இரண்டு ஆளும் தனி. தூண், பீம் வேலைக்குக் கேட்கும் டன் ரேட்டை டக்டுக்கும் ஒப்புக்கொண்டவன், முதல் நாளே தோற்றுவிட்டு ஆறு மாதம் கழித்துத்தான் அதைத் தெரிந்துகொள்வான்.

நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். தூண் வேலையில் என் ஆட்கள் டன்னுக்கு ஐந்து ஆள்நாளில் (ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலை ஓர் ஆள்நாள்) முடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தைரியத்தில், கொஞ்சம் கூட்டிப் போட்டால் போதும் என்று, டக்டுக்கு ஏழு ஆள்நாள் என்று மனதில் வைத்து ரேட் பேசினேன். நோட்டில் வந்த கணக்கு பதினொன்று. கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது. டிராயிங்கை மேசைமேல் விரித்துத்தான் வைத்திருந்தார்கள். நான்தான் மொத்த எடை எழுதியிருந்த கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தடிமன் எழுதியிருந்த கட்டம் அதற்கு மூன்று விரற்கடை மேலே இருந்தது.

அதனால்தான் இரண்டு வருடம் சூப்பர்வைசராக இருங்கள் என்கிறேன். ஆள்நாள் கணக்கை அடுத்தவர் காசில் கற்றுக்கொள்ளக் கிடைக்கும் ஒரே இடம் அது. தினமும் மாலை, எந்த ஐட்டத்தில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ வெல்டிங் ராட், எத்தனை கேஸ் சிலிண்டர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கம்பெனி கேட்காது, உங்களுக்காக எழுதுங்கள். என் பழைய நோட்டுகள் ஏழும் இன்றும் என்னிடம் இருக்கின்றன. எவ்வளவு ரேட் கேட்கலாம் என்று யாராவது போன் செய்தால் அவற்றைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

சூப்பர்வைசர் வேலை என்றால் நல்ல வெல்டரைப் பிடித்து வேலை வாங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெல்டரால் வரும் நஷ்டம் குறைவு. பெரிய நஷ்டம் வெல்டர் கையில் ஹோல்டரை எடுப்பதற்கு முன்பே, பொருத்தும்போதே வந்துவிடுகிறது. நீங்கள் ஃபிட்டர் என்பதால் உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஓர் அடிப்பிளேட்டின்மேல் நிற்கும் பிளேட்டுக்கு 6 மி.மீ. ஃபில்லெட் (மூலையில் முக்கோணமாகப் போடும் வெல்டு) என்று டிராயிங் கேட்கிறது என்று வையுங்கள். அந்த வெல்டின் குறுக்குவெட்டு 18 சதுர மி.மீ.; ஒரு மீட்டர் நீளத்துக்கு 141 கிராம் உலோகம். 3.15 மி.மீ. ராட் ஏறத்தாழ எட்டு போதும். வெட்டு விளிம்பு கோணலாக இருந்து, நடுவில் 3 மி.மீ. இடைவெளி விட்டு ஃபிட்டர் டாக் (பிடிமானத்துக்கான சின்ன வெல்டு) அடித்துவிட்டான். ‘வெல்டில் மூடிக்கொள்ளும்’ என்கிறான். மூடிக்கொள்ளும்தான். ஆனால் அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் டி1.1 விதிப்படி, இடைவெளி 2 மி.மீ.யைத் தாண்டினால் அந்த அளவை ஃபில்லெட் சைஸோடு கூட்ட வேண்டும். ஆறு ஒன்பதாகிறது. ஒன்பதின் குறுக்குவெட்டு நாற்பதரைச் சதுர மி.மீ. சைஸ் ஒன்றரை மடங்கு ஆனால் உலோகம் இரண்டேகால் மடங்கு. எட்டு ராட் இருந்த இடத்தில் பதினெட்டு. இடைவெளிக்குள் இறங்கும் உலோகம் இதற்கு மேல். நேரமும் அதே விகிதத்தில் போகும், கரண்ட்டும் போகும், சூடு அதிகமாவதால் பிளேட்டும் அதிகம் இழுக்கும். கேஸ் கட்டிங் செய்த விளிம்பை ஐந்து நிமிடம் சாணை பிடித்திருந்தால் இவ்வளவும் இல்லை. அந்த இடைவெளி 5 மி.மீ.யைத் தாண்டினாலோ, சாதாரணத் தடிமன்களில் அந்தப் பொருத்தமே செல்லாது. டாக்கை உடைத்துத் திரும்ப வைக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 6 கேட்ட இடத்தில், பலமாக இருக்கட்டும் என்று வெல்டர் 8 போடுவார். உலோகம் முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல். அதற்காக யாரும் ஒரு பைசா கூடத் தரப்போவதில்லை. வெல்டின் சைஸை அளக்கும் வெல்டு கேஜ் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். என் சட்டைப் பையில் பேனா மறந்த நாள் உண்டு, கேஜ் மறந்த நாள் இல்லை.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டும் என்று நினைக்காதீர்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஃபோர்மேன் நீளமான பீம் நேராக இருக்கிறதா என்று பார்த்த விதம் இது. ஒரே தடிமனுள்ள மூன்று பிளேட் துண்டுகளை எடுப்பார். பீமின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு துண்டை வைத்து, அவற்றின்மேல் மெல்லிய நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுவார். மூன்றாவது துண்டை நூலுக்கடியில் விளிம்போடு தள்ளிக்கொண்டே நடப்பார். எங்கே நூலைத் தூக்குகிறதோ அங்கே பீம் மேடு. எங்கே துண்டுக்கும் நூலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதோ அங்கே பள்ளம். சாக்பீஸால் ஒரு கோடு. பத்து மீட்டர் பீமுக்கு இரண்டு நிமிடம் ஆகாது. சட்டத்தின் சதுரம் பார்க்க மூலைமட்டத்தை நம்ப மாட்டார். மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். டாக் நிலையில் ஒரு முறை, வெல்டு பாதி ஓடியதும் ஒரு முறை, ஆறியபின் ஒரு முறை. நடுவில் பார்க்கும் அந்த இரண்டாவது முறைதான் முக்கியம். இழுக்க ஆரம்பித்திருந்தால் எதிர்ப்பக்கம் வெல்டைப் போட்டுச் சமன் செய்ய அப்போது வழி இருக்கும். ஆறிய பிறகு இருப்பது கேஸ் கட்டரும் பெருமூச்சும்தான்.

ஆட்கள் விஷயம். நேற்றுவரை உங்களோடு ஒரே தூக்கில் சாப்பிட்டவர்கள் இனி உங்களிடம் வேலை கேட்டு நிற்பார்கள். ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டவர் திடீரென ‘சார்’ என்பார். அதில் கொஞ்சம் குத்தலும் இருக்கும். முதல் மாதம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒன்று செய்யாதீர்கள்: அவர் சரியாகச் செய்யவில்லை என்று டார்ச்சைப் பிடுங்கி நீங்களே செய்து காட்டுவது. ஃபிட்டராக இருந்து வந்தவர்களுக்கு இந்தக் கை அரிப்பு கடைசிவரை போகாது. நீங்கள் ஒரு மூட்டைப் பொருத்தும் அரை மணி நேரத்தில் பின்னால் எட்டுப் பேர் தப்பான அளவில் வெட்டிக்கொண்டிருப்பார்கள். வயதில் மூத்த வெல்டரைத் திருத்த வேண்டியிருந்தால், எல்லோர் முன்னாலும் வேண்டாம். டீ நேரத்தில் ‘அண்ணே, அந்த மூட்டை ஒரு தடவை பாருங்கள்’ என்றால் போதும், அவரே சாணை எடுத்துக்கொண்டு போவார். இப்போது பாதி ஆட்கள் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். எண்களையும் மேலே, கீழே, நிறுத்து, தூக்கு என்பதையும் இந்தியில் கற்றுக்கொள்ளுங்கள். கிரேனுக்குக் கீழே நிற்பவனுக்கு ‘நிறுத்து’ என்ற சொல் புரியாமல் போகக் கூடாது.

பேப்பர் வேலையை நம் ஆட்கள் கிளார்க் வேலை என்று நினைக்கிறார்கள். டிராயிங்கின் மூலையில் இருக்கும் திருத்த எண்ணைப் பார்க்காமல் ஒரு பிளேட்டைக்கூட மார்க் செய்ய விடாதீர்கள்; பழைய டிராயிங் பட்டறைக்குள் கிடந்தால் அன்றே கிழித்துவிடுங்கள். பிளேட்டை வெட்டும் முன் அதன் ஹீட் நம்பரை (எந்த உருக்கில் வந்த இரும்பு என்று சொல்லும் எண்) மீதித் துண்டிலும் பன்ச் செய்யுங்கள். வெட்டிய பிறகு எல்லா இரும்பும் ஒரே நிறம்தான். எது எந்தச் சான்றிதழைச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, இன்ஸ்பெக்டர் ஒதுக்கிவிடுவார். 7018 ராட் (ஈரம் ஏறக் கூடாத வகை) என்றால் 300 டிகிரிக்கு மேல் சுட்டு, சூடு ஆறாத பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத்தான் போட வேண்டும். மழைக்காலத்தில் திறந்த பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, ‘எக்ஸ்ரேயில் ஏன் புள்ளி புள்ளியாக வந்தது’ என்று மறுநாள் கூட்டம் போடுவதில் பயனில்லை. கொதிகலன் வேலையில் வெல்டரின் சான்றிதழ் தேதியையும் பாருங்கள்: இந்தியக் கொதிகலன் விதிகளின்படி அது இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும்.

டக்ட் வேலைக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. டக்டும் ஹாப்பரும் (புனல் வடிவப் பெரிய தொட்டி) உள்ளே புகுந்து வெல்டு செய்யும் வேலை. ஒரு சித்திரை மாதத்தில், உள்ளே வேகிறது என்று ஒரு ஹெல்பர் பையன் கேஸ் கட்டிங் செட்டின் ஆக்சிஜன் ஹோஸை டக்டுக்குள் திறந்து வைத்துவிட்டு, அதன் எதிரே ஜில்லென்று உட்கார்ந்திருந்தான். வெளியே வெல்டர் மெஷினை ஆன் செய்யப்போகிற நேரம். அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டேன். அவனுக்கு இன்றுவரை நான் கோபக்காரன் என்றுதான் நினைப்பு. ஆக்சிஜன் ஏறிய காற்றில் பருத்திச் சட்டை ஒரு பொறி பட்டால் போதும், அணைக்க நேரமே கிடைக்காது. வெல்டிங்குக்குப் பயன்படும் ஆர்கான் வாயு என்றால் வேறு விதம்: காற்றைவிடக் கனமானது, வாசனை கிடையாது, பள்ளத்தில் தேங்கும், உள்ளே இறங்கியவன் மயங்கி விழுவான், அவனைத் தூக்க இறங்கியவனும் விழுவான். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே ஒருவன் வேறு வேலை இல்லாமல் நின்றுகொண்டிருக்க வேண்டும். காற்றுக்கு பிளோயர் வைக்க வேண்டும். 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கு உள்ளே போகக் கூடாது என்பது 1948-ஆம் ஆண்டின் பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. அந்த நிற்கும் ஆளின் கூலியையும் ரேட்டில் சேருங்கள். சேர்க்காவிட்டால் அவனை நிறுத்த உங்களுக்கு மனம் வராது.

இனி காண்டிராக்ட் பேச்சு. ரேட் என்பது கடைசியாகப் பேச வேண்டியது. அதற்கு முன், எந்த எடைக்கு ரேட் என்பதைக் கேளுங்கள். டிராயிங் எடையா, எடைமேடை எடையா? பெரும்பாலும் டிராயிங் எடைக்குத்தான் பில் ஆகும். தூக்குவதற்காக நீங்கள் வைக்கும் கொக்கி, நெளியாமல் இருக்க வைக்கும் தற்காலிகத் தாங்கு, இதெல்லாம் அந்த எடையில் வராது. வைப்பதற்கும் வெட்டி எடுப்பதற்கும் உங்கள் ஆள்தான். அடுத்து ராட், கேஸ், சாணைக்கல், கரண்ட், கிரேன் ஆகியவை யார் பொறுப்பு. கிரேன் கம்பெனியுடையது என்றால், அது மூன்று மணி நேரம் வராமல் பத்துப் பேர் சும்மா நின்றால் அந்தக் கூலி யாருடையது? பிளேட் வர ஒரு வாரம் தாமதமானால்? வேலை பாதியில் டிராயிங் மாறினால்? இந்த மூன்றுக்கும் ஒர்க் ஆர்டரில் ஒரு வரி எழுத மறுக்கும் இடத்தில், வாய்ப்பேச்சாக ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால், பார்த்துக்கொள்ளப்போவது நீங்கள் மட்டும்தான். மெட்டீரியல் அவர்கள் கொடுப்பதானால் வெட்டுக் கழிவுக்கு எத்தனை சதவீதம் அனுமதி என்பதையும் எழுதி வாங்குங்கள். கடைசி பில்லில் துண்டு இரும்புக்குப் பிடித்தம் வந்து லாபம் முழுவதும் போன கதைகள் எங்கள் ஊர் டீக்கடையில் ஏராளம்.

கூலி விஷயத்தில் புதியவர்கள் செய்யும் தப்பு, ஆளின் கையில் கொடுப்பதை மட்டும் செலவு என்று நினைப்பது. இருபது பேர் வந்தால் பி.எஃப்., பத்துப் பேர் வந்தாலே இ.எஸ்.ஐ. பி.எஃப்.பில் உங்கள் பங்கு 12 சதவீதமும் நிர்வாகக் கட்டணமும், இ.எஸ்.ஐ.யில் 3.25, தீபாவளிக்குக் குறைந்தபட்ச போனஸ் 8.33. உச்சவரம்புக்குள் வரும் கூலி என்றால், நூறு ரூபாய்க்குப் பின்னால் இருபது ரூபாய்க்கு மேல் நிழல்போல் நிற்கிறது. லைசென்ஸ் விதி மாறியிருக்கிறது: 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 20 பேர் என்றிருந்த எல்லை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 50 ஆகிவிட்டது. அதனால் சின்னக் காண்டிராக்டருக்குப் பொறுப்பு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் கூலி கொடுக்காவிட்டால் கம்பெனி கொடுத்துவிட்டு உங்கள் பில்லில் பிடிக்கும், ஆகவே பி.எஃப். கட்டிய ரசீது இல்லாமல் அவர்கள் பில்லைத் தொடவே மாட்டார்கள்.

அந்த பில் எப்போது பணமாகும் என்பதுதான் காண்டிராக்டரின் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது. கூலி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. பில் அறுபது நாளோ தொண்ணூறு நாளோ. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை மத்திய அரசிடம் செய்து, அந்த எண்ணை பில்லின் தலையிலேயே அச்சடியுங்கள். சிறு, குறுந்தொழில் சட்டம் 2006-இன்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கேட்டு வாங்கிய காண்டிராக்டரை நான் பார்த்ததில்லை. கேட்டால் அடுத்த வேலை கிடைக்காது என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று வந்த பிறகு, மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவு நம்மைத் தேடிப் போன் செய்கிறது. எப்படியானாலும் மூன்று மாதக் கூலி கையில் இல்லாமல் இறங்காதீர்கள். நான் ஒன்றரை மாதக் கூலியோடு இறங்கினேன். நகை அப்போதுதான் போனது.

ஒரே கம்பெனியை நம்பி இருக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பக்கம் அதை யாரும் சொல்லாமலே கற்றோம். 2010-களின் நடுவில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் வற்றியபோது, கொதிகலன் வேலை தவிர வேறொன்றும் தெரியாத பட்டறைகள் வரிசையாக மூடின. காற்றாலைக் கோபுரம், பாலம், ரயில்வே என்று ஏதாவது ஒன்றில் ஒரு கால் வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

உங்கள் 40 டன்னுக்கு வருகிறேன். அந்தத் தெரிந்தவரிடம் போய் மாட்டேன் என்று சொல்ல வேண்டாம். டிராயிங்கைக் கேளுங்கள். ஒரு நாள் வீட்டில் வைத்துக்கொண்டு, பிளேட் தடிமன், மொத்தப் பரப்பு, ஸ்டிஃப்னர் நீளம், உள்ளே புகுந்து செய்யும் வெல்டு எத்தனை மீட்டர் என்று நாலையும் எழுதுங்கள். 5 அல்லது 6 மி.மீ. பிளேட் என்றால் டன்னுக்குப் பதினொரு ஆள்நாள் என்று போட்டு, உங்கள் ஊர்க் கூலியால் பெருக்கி, மேலே சொன்ன சுமைகளைக் கூட்டி, வரும் தொகையை அவர் சொன்ன ரேட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். டிராயிங் கொடுக்க முடியாது, ரேட்டை மட்டும் சொல் என்று அவர் சொன்னால், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சூப்பர்வைசராகப் போய் நில்லுங்கள். புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.